யாரென்று கேட்காத அண்ணாச்சி

பாப்பாவுக்கும் தம்பிக்கும் அப்பா எழுதுவது.

போன மாசம் போடியிலிருந்து போன் வந்த அன்றைக்கு, நான் ஏன் வேலைக்குப் போகாமல் நம் வண்டிக்குப் பக்கத்தில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்திருந்தேன் என்று பாப்பா கேட்டாள். அண்ணாச்சி இறந்துபோனார் என்று மட்டும் சொன்னேன். அது பாதிப் பதில்தான். மீதி வாயில் வரவில்லை. அதனால் எழுதிப் பார்க்கிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் தப்பு இருந்தால் பாப்பா திருத்திக்கொள். எழுத்துத் தப்பை மட்டும் திருத்து.

அண்ணாச்சியின் பெயரை இதில் எழுதப் போவதில்லை. யாருடைய பெயரையும் கேட்டு வாங்காத மனிதர் அவர். அவருக்குப் பெயர் போட்டு எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சித்திரபுரத்துக்கு மேலே நாம் முன்னால் இருந்த எஸ்டேட் லயத்தில், அந்த வரிசை வீடுகளில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. டீ பேக்டரியில் மிசின்களைச் சரி பண்ணுகிற பிட்டர் வேலை. குள்ளமான ஆள். பேக்டரியின் தேயிலைத் தூள் அவர் புருவத்தில் எப்போதும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். குளித்துவிட்டு வந்தாலும் இருக்கும். ஸ்வெட்டரின் வலது கையில் ஒரு ஓட்டை. தேயிலை உலர்த்துகிற டிரையர் பக்கத்தில் நின்று சுட்டுக்கொண்டது. அந்த ஓட்டை வழியாக விரலை விட்டு முழங்கையைச் சொறிந்துகொண்டே பேசுவார்.

உங்களுக்கு அவரைத் தாங்கிக் கட்டையோடுதான் தெரியும். எனக்கு அதற்கு முந்தினவரைத் தெரியும்.

நாம் இன்றைக்கும் ஓட்டுகிற வண்டி அவருடையது. அவர் போடியில் வாங்கும்போதே அது பழைய வண்டி. ஆயில் கலந்து பெட்ரோல் ஊற்ற வேண்டிய இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. உதைத்தால் நாலாவது உதைக்குப் பிடிக்கும். மழை நாளில் ஒன்பதாவது உதைக்கு. ஆர்.சி. புத்தகத்தில் யாரோ ஒரு கம்பவுண்டர் பெயர் இருந்தது. தமிழ்நாட்டு நம்பரை கேரளா நம்பராக மாற்ற இரண்டு பக்கத்து ஆர்.டி. ஆபீசுக்கும் நடக்க வேண்டும். அண்ணாச்சி நடக்கவில்லை.

ஒருமுறை பள்ளிவாசல் பக்கம் போலீஸ் நிறுத்திவிட்டது. பின்னால் நாலாவது லயத்துப் பெண் ஒருத்தி காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருக்கிறாள். போலீஸ்காரர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "ஆருடெ வண்டியாடோ இது?" என்று கேட்டிருக்கிறார்.

"லயத்து வண்டி சார்."

"லயத்துக்கு லைசென்ஸ் உண்டோ?"

"லயத்துக்குக் காய்ச்சல் உண்டு சார். இந்தா பின்னாடி இருக்கு."

போலீஸ்காரர் சிரித்துவிட்டாராம். அந்தப் பெண் வந்து சொல்லிச் சொல்லி லயம் முழுக்கச் சிரித்தது. ஆனால் அண்ணாச்சி விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அது உண்மையாகவே லயத்து வண்டிதான். எங்கள் வரிசையில் அப்போது வேறு யாரிடமும் பைக் கிடையாது. எஸ்டேட் ஜீப்பைக் கேட்டால் டிரைவரைத் தேட வேண்டும், டிரைவரைக் கண்டால் சாவியைத் தேட வேண்டும். அண்ணாச்சி வண்டியின் சாவி, அவர் வீட்டை ஒட்டின தகரச் சாய்ப்பில் ஒரு ஆணியில் தொங்கும். வேண்டியவன் எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். கேட்கக்கூட வேண்டாம்.

அந்தச் சாவிக்குப் பக்கத்து ஆணியில் துணிகள் தொங்கும். மதினியின் பழைய சேலையைக் கிழித்த கீற்றுகள். அண்ணாச்சியின் மனைவியைத்தான் நாங்கள் மதினி என்போம். வண்டியை எடுத்துப் போனவன் திரும்பக் கொண்டுவந்து விடும்போது, எந்த இடத்தில் கோளாறு தெரிந்ததோ அந்த இடத்தில் ஒரு கீற்றைக் கட்டிவிட்டுப் போக வேண்டும். கிளட்ச் இறுகினால் கிளட்ச் பிடியில் கட்டு. செயின் சத்தம் போட்டால் செயின் கவரில் கட்டு. இன்ன தேதி நான்தான் கொண்டுபோனேன், இப்படி ஆகிவிட்டது என்று வந்து நின்று தலையைச் சொறிய வேண்டாம்.

"எங்க நோவுன்னு மட்டும் காட்டிட்டுப் போ. நீ யாருன்னு வண்டிக்கு எதுக்கு?" என்பார்.

காலையில் டூட்டிக்குக் கிளம்பும்முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். துணி இருந்தால் குந்திவிடுவார். துணி இல்லையென்றால் வண்டி சுகம். உதைத்து ஏறிவிடுவார். வேறு சோதனை கிடையாது. எங்களை அவ்வளவு நம்பினார்.

ஒருநாள் சீட்டில் துணி கட்டியிருந்தது. அண்ணாச்சி சீட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கைப் பார்த்து, பஞ்சைப் பிரித்து, அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். ஒன்றும் இல்லை. சாயங்காலம்தான் தெரிந்தது, கட்டினவருக்கு மூலமாம். அப்போதும் அது யார் என்று அவர் கேட்கவில்லை. இரண்டாவது நாள் சீட்டின் மேல் ஒரு தலையணை உறையை மடித்துத் தைத்து வைத்திருந்தார்.

பேக்டரியிலும் அப்படித்தான். ரோலர் மிசினில் போல்ட் விழுந்து சக்கரப் பல் உடைந்த அன்றைக்கு, மேனேஜர் துரை ஓடிவந்து யார் யார் என்று கத்தினார். அண்ணாச்சி ஓட்டைக்குள் விரலை விட்டு முழங்கையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "எது போச்சுன்னு கேளுங்க சார், மாட்டித் தாரேன். யாருன்னு கேட்டா அதை எங்க கொண்டு மாட்ட?"

மதினிக்கு இது பிடிக்காது. அவர்கள் மகள் போடியில் நர்சு படிக்கும்போது ஒரு பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று போனில் சொல்லியிருக்கிறாள். இவர் "நல்லதும்மா" என்று வைத்துவிட்டார். மதினி குழாயடியில் எல்லார் முன்னாடியும் புலம்பினார்கள். "ஏ, இந்தக் கூத்தக் கேளுங்க. பெத்த மகளக் கட்டிக்கப் போறவன் யாருன்னு கேக்கல இந்த மனுசன். என்னா வேலை பாக்கான்னு கேட்டாகளாம், வெல்டிங்னு சொன்னாளாம், நல்லதுன்னு வச்சிட்டாக. நல்லதாம்ல! நான் பஸ் ஏறிப் போயில்ல விசாரிச்சிட்டு வந்தேன்."

நாங்கள் சிரித்தோம். மதினி சிரிக்கவில்லை. "கேக்காம இருக்கது ஒங்களுக்கு எல்லாம் சொகம். அவுக கேக்காததையெல்லாம் நான்தான் கேட்டுக்கிட்டு அலையுதேன்" என்றார்கள். அது எனக்கு அப்போது வேடிக்கையாகத்தான் இருந்தது.

இப்போது உங்கள் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் அண்ணன், அதே மாமாதான். அவர் அப்போது எதிர் லயத்தில் இருந்தார். வாய் சும்மா இருக்காது. துணி கட்டும் வழக்கத்தை அவர் ஒரு விளையாட்டாக்கிவிட்டார். அண்ணாச்சி யார் என்று கேட்காத குறையை மாமா தீர்த்துவைத்தார். வண்டியில் துணி தெரிந்தால் போதும், "இன்னைக்குக் கட்டுப் போட்ட டாக்டர் யாருப்பா?" என்று குழாயடியில் நின்று சத்தம் போடுவார். அதிகமாகக் கட்டினவன் நான். எனக்கு வண்டி ஓட்டப் பழக்கம் குறைவு, எதைத் தொட்டாலும் ஏதாவது அறுந்துவிடும். அதனால் எனக்கு வைத்தியர் என்று பெயர் வைத்தார். மருந்தடிக்கிற வேலைக்கு முதுகில் டேங்கோடு போகும்போது, "வைத்தியர் மருந்தோட போறாரு, வழி விடுங்க" என்பார். பெண்கள் கொழுந்து கிள்ளுவதை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். உங்கள் அம்மாவும் சிரித்திருக்கிறாள். எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய்.

பாப்பா பிறந்தது அடிமாலி ஆஸ்பத்திரியில். அம்மாவை இரண்டு நாள் முன்னாடியே சேர்த்திருந்தோம். பெண் பிறந்திருக்கிறது என்று தகவல் வந்ததும், ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு நான் இறங்கினேன்.

எங்கள் ஊர்க்காரர்கள் மலை இறங்கும் விதம் உங்களுக்குத் தெரியாது. இப்போது நான் அப்படி இறங்குவதில்லை, உங்களையும் விடமாட்டேன். உச்சியில் இஞ்சினை அணைத்துவிட்டு, கியரை நியூட்ரலில் போட்டு, கீழே பாலம் வரைக்கும் வண்டியை உருட்டியே விடுவோம். பெட்ரோல் மிச்சம். காற்றுச் சத்தம் தவிர வேறு சத்தம் இருக்காது. "இறக்கத்துல இஞ்சினுக்கு லீவு" என்பார் அண்ணாச்சி. அவரும் அப்படித்தான், லயத்தில் எல்லாரும் அப்படித்தான். இஞ்சின் அணைந்த வண்டியைப் பிடித்து நிறுத்துவது பிரேக் மட்டும். அந்த வண்டியில் முன் பிரேக் பெயருக்குத்தான். பின் பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே இறங்க வேண்டும்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பாப்பாவைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். நெற்றியில் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். கிளம்ப மனசே இல்லை. மத்தியானத்துக்கு மேல்தான் கிளம்பினேன்.

திரும்பி வரும் வழியில், ஆனச்சால் தாண்டி, ஒரு பசு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். கால் அப்படியே கீழே போய்விட்டது. முன் பிரேக்கையும் இரண்டு காலையும் வைத்துத் தரையில் தேய்த்து எப்படியோ நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால், பின் சக்கரத்துக்குப் போகிற பிரேக் கம்பியின் நுனியில் இருக்க வேண்டிய நட்டைக் காணோம். இறக்கத்து ஆட்டத்தில் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. கம்பி அதன் இடத்தை விட்டு வெளியே தொங்குகிறது.

பக்கத்தில் ஒரு ஏலத்தோட்ட வேலி. அதில் ஒரு முழம் கட்டுக்கம்பியை முறுக்கி ஒடித்தேன். பிரேக் கம்பியை அதன் துளையில் திரும்ப நுழைத்து, நட்டு இருந்த இடத்தில் கட்டுக்கம்பியை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி முறுக்கினேன். மிதித்துப் பார்த்தேன். பிடித்தது. மீதி வழி எல்லாம் ஏற்றம். ஏற்றத்தில் பிரேக்குக்கு என்ன வேலை? வீடு வந்து சேர்ந்துவிட்டேன்.

சாய்ப்பில் வண்டியை நிறுத்தினேன். துணி ஆணியில் இருந்தது. பச்சைச் சேலைக் கீற்று. கையை நீட்டினால் எட்டும்.

மாமா குழாயடியில் எனக்காகவே காத்திருந்தார். தங்கச்சிக்குப் பெண் பிறந்த சந்தோசம் அவருக்கு. "வாங்க வைத்தியரே! என் மருமக எப்படி இருக்கா? வண்டிக்கு எத்தனை கட்டு?" என்று தூரத்திலிருந்தே கூப்பிட்டார். குழாயடியில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

அன்றைக்கு நான் அப்பா ஆகியிருந்தேன். அன்றைக்கு ஒருநாளாவது என்னைப் பார்த்து யாரும் சிரிக்கக்கூடாது என்று நினைத்தேன்.

"ஒரு கட்டும் இல்ல. வண்டி சுத்தமா இருக்கு" என்றேன்.

"அப்பிடியா! பொட்டப்பிள்ள வந்த ராசி. குடுங்க மாப்ள சாவிய. என் மருமகளுக்கு மிட்டாய் வாங்கிட்டு வாரேன், லயம் பூரா குடுக்கணும்."

என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். கடை வரைக்கும் ஏற்ற இறக்கம் இல்லாத சம ரோடு. போய் மிட்டாய் வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுத்தார். அண்ணாச்சி டூட்டி முடிந்து வந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டு, "மக வந்தாச்சு, இனி நீ பதனமா ஓட்டுவ" என்று என் முதுகைத் தட்டினார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், ஒரு நட்டு வாங்கி நானே போட்டுவிடலாம் என்று இருந்துவிட்டேன். அவர் வழக்கமாகக் கிளம்பும் நேரத்துக்கு முன்னால் எழுந்துவிடலாம் என்றும் நினைத்தேன்.

மறுநாள் அவர் பேக்டரிக்குப் போகவில்லை. ஒரு பேரிங் வாங்க அடிமாலிக்கு இறங்கும்படி பேக்டரியில் சொல்லிவிட்டார்களாம். எப்போதையும் விட முன்னாடியே கிளம்பிவிட்டார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார் என்று மதினி பின்னால் சொன்னார்கள். துணி ஒன்றும் இல்லை. ஏறிவிட்டார்.

நான் பத்தாம் நம்பர் தேயிலைக் காட்டில் மருந்து டேங்கோடு நிற்கும்போது ஆள் ஓடிவந்தது. இரண்டாவது வளைவில் வண்டி நிற்காமல் போய்க் கல்லுக்கட்டில் மோதிக் கிடக்கிறது, அண்ணாச்சியின் வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. கம்பளியில் வைத்து ஆறு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நானும் ஒரு மூலையைப் பிடித்தேன். அவர் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மேலே வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அவரை ஜீப்பில் ஏற்றி அனுப்பியதும், வண்டியைத் தூக்கிச் சாய்ப்பில் போடுகிற சாக்கில் நான்தான் முதலில் அதன் பக்கத்தில் போனேன். கட்டுக்கம்பி நெகிழ்ந்து, பிரேக் கம்பியின் நுனியில் ஒரு வளையம் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை உருவி எடுத்தேன். தேயிலைக்குள் எறிந்தேன்.

சாயங்காலமே லயத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. பிரேக் நட்டு இல்லை. கடைசியாக வண்டியை எடுத்தது யார்? துணி கட்டாமல் விட்டது யார்? எல்லார் கண்ணும் மாமா பக்கம் திரும்பியது. மாமா குழாயடிச் சுவரில் சாய்ந்து நின்றார். முகம் செத்துப்போயிருந்தது. அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுக்க அவருக்கு ஒன்றும் தெரியாது. "மாப்ள கையில இருந்து வாங்கும்போது வண்டி சுகம்தான். என் கையிலதான் என்னமோ ஆயிருக்கு. கடைக்குப் போற வழியில ஒரு குழியில இறங்குச்சு. அதுல விழுந்திருக்கும். எனக்குத் தெரியலையே... பிரேக் பிடிச்சுதான்னு எனக்கு ஞாபகமே இல்லையே" என்றார். யாரும் அன்றைக்கு அவரிடம் சிரித்துப் பேசவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

அண்ணாச்சிக்குக் கால் எடுக்கவில்லை. ஆனால் மடங்காத கால் ஆகிவிட்டது. இரண்டு மாசம் கழித்து வந்தார். லயத்து ஆட்கள் சூழ்ந்துகொண்டு, யாருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணாச்சி, கூப்பிட்டுக் கேட்போம் என்றார்கள். அவர் கட்டையை ஊன்றி நின்று, சத்தமாகவே சொன்னார்: "கால் போனது எனக்கு. யாருன்னு நானே கேக்கல. நீங்க எதுக்குவே கேக்கீங்க?" அதோடு பேச்சு நின்றது.

பேச்சுதான் நின்றது. நினைப்பு நிற்கவில்லை. மாமா அதற்கப்புறம் அந்த வண்டியைத் தொடவில்லை. மாமா ஏன் நம் வண்டியில் ஏறமாட்டேன் என்கிறார், மழையில்கூட ஏன் நடந்தே போகிறார் என்று தம்பி எத்தனை தடவை கேட்டிருக்கிறாய். அவருக்கு முதுகுவலி என்று சொல்லியிருக்கிறேன். அவருக்கு முதுகில் ஒன்றும் இல்லை.

வண்டியை நான் சரி பண்ணுகிறேன் என்று அண்ணாச்சியிடம் போய் நின்றேன். மூன்று மாசம், ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அந்தச் சாய்ப்பில்தான். அவர் ஒரு ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். நான் வேலை பார்ப்பேன். வளைந்த முன் போர்க்கைக் கழற்றி அடிமாலியில் கொடுத்து நிமிர்த்தினேன். சைலன்சருக்குள் அடைத்திருந்த கரியை நெருப்பில் போட்டு எரித்துத் தட்டினேன். கார்பரேட்டரை மூன்று தடவை பிரித்து மாட்டினேன். மூன்றாவது தடவை ஒரு சின்ன வாஷர் மிஞ்சிவிட்டது. "விடு, அது செத்துப்போன மூத்தாருக்குப் படையல் பங்கு" என்று சிரித்தார். கோபமே இல்லை அவரிடம். அதுதான் என்னைக் கொன்றது. திட்டினால் அந்த நிமிசத்தில் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

கடைசியாகப் பின் பிரேக். புது நட்டு வாங்கி வந்திருந்தேன். கம்பியை நுழைத்து நட்டை முறுக்கும்போது அவர் சொன்னார்:

"ஒண்ணு போதாது. ரெண்டு நட்டுப் போடு, ஒண்ணுக்கு மேல ஒண்ணு. கட்டுக்கம்பி நிக்காது."

என் கை நின்றுவிட்டது. கட்டுக்கம்பி என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அதைத் தேயிலைக்குள் எறிந்தது என் கை. அவர் விழுந்து கிடந்த இடத்திலிருந்து அந்தச் சக்கரத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு கிடந்தாரோ.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏட்டி, தம்பிக்குக் கட்டன் சாயா போடு. சீனி தூக்கலா" என்று கூப்பிட்டார்.

அந்த நிமிசம் எனக்கு ஒரு கதவு திறந்து கிடந்தது. நான் நுழையவில்லை. இரண்டாவது நட்டை எடுத்து முறுக்கினேன். கட்டன் வந்தது. குடித்தேன்.

வண்டி ஓடத் தொடங்கிய அன்றைக்கு, "இனி இந்தக் காலால பிரேக் மிதிக்க முடியாது, நீயே வச்சுக்க, பிள்ளையப் பள்ளிக்கூடம் கொண்டுபோ" என்று சாவியை என் கையில் வைத்தார். அந்த வண்டியில்தான் பாப்பா, அப்புறம் தம்பி, முன்னால் பெட்ரோல் டேங்கில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனீர்கள். நல்ல மனுசன், அண்ணாச்சி வண்டியை எப்படிப் பார்த்துக்கொள்கிறான் என்று எல்லாரும் என்னைச் சொன்னார்கள். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள்.

அவருக்கு பிட்டர் வேலை போய், பேக்டரியில் மூட்டை எண்ணுகிற லைட் வேலை கொடுத்தார்கள். ரிட்டயர் ஆனதும் லயத்து வீட்டைக் காலி செய்து போடிக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வருசத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் பூப்பாறை தாண்டும்வரை இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று போவேன். போடிமெட்டு இறங்கும்போது தைரியமும் இறங்கிவிடும். அவர் வண்டி எப்படி இருக்கு என்று கேட்பார். உன் மச்சான் எப்படி இருக்கான் என்று மாமாவைப் பற்றியும் கேட்பார். நல்லா இருக்கான் என்பேன்.

போன மாசம் போனேன் அல்லவா, பதினாறாம் நாள் காரியத்துக்கு. எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு மதினி பக்கத்தில் உட்கார்ந்தேன். இவர்களிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "மதினி, அன்னைக்கு அந்தப் பிரேக்கு..." என்றேன். அவ்வளவுதான். மதினி என் வாய்க்கு நேராகக் கையை நீட்டிவிட்டார்கள்.

"சொல்லாதீங்க தம்பி. யாருன்னு ஒருக்காலும் கேக்கமாட்டேன்னு அவுகளுக்கு நான் கையடிச்சுக் குடுத்திருக்கேன்."

அப்புறம் அவர்களே சொன்னார்கள். அண்ணாச்சி கல்யாணம் ஆகாத வயசில், பேக்டரியில் ஒரு மிசின் எரிந்துபோனது. யார் என்று துரை கேட்டார். அண்ணாச்சி ஒரு பெயரைச் சொன்னார். உண்மையான பெயர்தான். வேலை போனால் எஸ்டேட்டில் வீடும் போகும். அந்த ஆள் மூன்று பிள்ளைகளோடு, பெரிய மழையில், பானை சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினார். எங்கே போனார்கள் என்று கடைசிவரைக்கும் தெரியவில்லையாம். "நாலஞ்சு ஊருக்குப் போய்த் தேடினாக. கிடைக்கல. அன்னையில இருந்து யாருங்கற வார்த்தையே அவுக வாயில வராது. என் வாயில வந்தாக்கூட அவுகளுக்கு ஆகாது" என்று மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்தார்கள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு முதலில் நிம்மதிதான் வந்தது, மறைக்கவில்லை. கேட்க வேண்டியவர் போய்விட்டார், மதினி கேட்கமாட்டார்கள். இனி இந்த உலகத்தில் என்னிடம் கேட்க யாரும் இல்லை. அப்படியே போனால் நான் தப்பித்துவிட்டேன்.

தேவிகுளம் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டேன். மாமா ஞாபகம் வந்தது. அண்ணாச்சி யார் என்று கேட்காததால் என் வீடு நனையாமல் இருந்தது. ஆனால் கேட்டிருந்தால், பதினாறு வருசமாக மாமா தப்பு செய்யாமலே தப்பு செய்தவனாக நடந்திருக்க மாட்டார். அண்ணாச்சிக்கு இது தோன்றவே இல்லையா, இல்லை தோன்றியும் அந்த மூன்று பிள்ளைகளின் முகம் முன்னால் வந்து நின்றுவிட்டதா, எனக்குத் தெரியவில்லை. அவர் மேல் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. அவர் சொல்லாததைச் சொல்ல வேண்டியவன் நான்தான். அவர் போன பிறகுதான் அது எனக்குப் புரிந்தது. முன்னாடியே புரிந்திருக்க வேண்டும்.

பாப்பா, ஒன்று. நீ பிறந்த நாளில்தான் இது நடந்தது. அதற்காக உன் மேல் இதில் ஒரு துளிகூடக் கிடையாது. மிட்டாய் வாங்கப் போன மாமா மேலும் கிடையாது. முழுக்க என் மேல்.

நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். காலையில்தான் பேசினாள். "எங்க அண்ணன நான்கூட ஒருநாள் ஏசியிருக்கேன்" என்றாள்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. மாமா சாப்பிட வருகிறார். நீங்கள் இரண்டு பேரும் இருக்கும்போதே சொல்லப் போகிறேன். அதனால்தான் உங்களுக்கு முதலிலேயே இதைப் படிக்கக் கொடுக்கிறேன், அப்போது என் முகத்தைப் பார்த்து நீங்கள் பயந்துவிடக்கூடாது. அவர் சாப்பிட்டு முடிக்கட்டும், அப்புறம் சொல்லுங்க என்கிறாள் அம்மா. நான் முன்னாடியே சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் என் வீட்டுச் சோறு அவருக்கு வேண்டுமா வேண்டாமா என்று அவர் முடிவு பண்ணட்டும்.